பங்காளி ரொட்டியும் இரண்டு முட்டையும்

ஞாயிற்றுக்கிழமை. மணி பத்தாகியும் வீட்டில் யாரும் பசியாறவில்லை. வெள்ளிக்கிழமை வாங்கிய பெங்காலி ரொட்டி பாதி கிடந்தது, மேல்தோல் விறைத்துப்போய். பினாங்குக்காரர்களுக்குத் தெரியும், பெயர்தான் பெங்காலி. நம் ‘பங்காளி’தான் மருவி அப்படி ஆனது என்பார்கள்.

பிரெஞ்சு டோஸ்ட்டுக்குப் பழைய ரொட்டிதான் சரி. புதுசு, முட்டைப்பாலில் நனைந்ததும் கூழாகிவிடும். காய்ந்தது நன்றாக உறிஞ்சிக்கொண்டு உடையாமல் நிற்கும். பிரெஞ்சுக்காரர்களே இதை ‘பான் பெர்டு’ என்கிறார்கள். வீணாய்ப்போன ரொட்டி என்று அர்த்தம்!

விரல் தடிமனில் நாலு துண்டு, இரண்டு முட்டை, அரை கப் பால், ஒரு சிட்டிகை உப்பு. போன மாதம் சர்க்கரையையும் அதிலேயே அள்ளிப் போட்டேன். உள்ளே வேகும் முன் வெளியே கருகி, மகள் அதற்குத் ‘தார் ரோடு’ என்று பெயர் வைத்துவிட்டாள். இந்த முறை முட்டையில் இனிப்பே சேர்க்கவில்லை. சின்னத் தீயில் வெண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருப்பினேன். குலா மலாக்காவை, அதாவது தென்னை வெல்லத்தை, பாண்டான் இலையோடு கொஞ்சம் தண்ணீரில் உருக்கி, மேலே ஊற்றினேன். வாசனைக்கே மகள் எழுந்து வந்துவிட்டாள்.

அப்பா மட்டும், “நேற்று வைத்த நெத்திலி சம்பல் இருக்கா?” என்றார். பிரெஞ்சு டோஸ்ட்டுக்குச் சம்பலா என்று முறைத்துக்கொண்டே கொடுத்தேன். அப்புறம் நானும் ஒரு விள்ளல் தொட்டுப் பார்த்தேன்.

சரி, அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். நன்றாகவே இருந்தது.