மூஞ்சியிலேயே தெரிந்துவிடும்

எங்கள் டீமில் நான் அக்கா என்று கூப்பிடுகிறவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "இந்த ஆளு என்ன பண்ணாலும் எனக்குக் கோவமே வர்றதில்ல, மூஞ்சியிலேயே தெரிஞ்சுடுது பாருங்க." மீட்டிங் ரூமில் டிபன் பாக்ஸோடு ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். லேப்டாப்பில் 'தி ஆஃபீஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் திரையைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கே இல்லை.

ஓடியது ஆறாவது சீசனின் முதல் எபிசோட், 2009 செப்டம்பரில் வந்தது. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்ததில், மொத்தம் 201 எபிசோடில், அன்றைக்கென்று அது வந்து நின்றது. மேசை மேலும் பெட்டி மேலும் குதித்துக்கொண்டு மூன்று பேர் "பார்க்கூர்" (தடைகளைத் தாவித் தாண்டி ஓடும் சாகசம்) என்று கத்துவதில் ஆரம்பிக்கும். அது வரைக்கும் நிம்மதியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கதை தொடங்கியது. ஸ்க்ரான்டன் ஊரில் காகிதம் விற்கும் கிளையின் மேனேஜர் மைக்கேல், அங்கே வேலை பார்க்கும் ஸ்டான்லிக்கு மனைவியைத் தவிர வேறொரு தொடர்பு இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான். பிறகுதான் அது நிஜம் என்று தெரிகிறது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாதே, அதனால் ஒரு வேலை செய்கிறான். ஆபீஸில் இருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வதந்தி கிளப்புகிறான். கெவின் என்பவனுக்குள் இன்னொரு ஆள் உட்கார்ந்து அவனை இயக்குகிறானாம், பாம் என்ற பெண் கர்ப்பமாம். பத்துப் பொய்க்கு நடுவில் ஒரு நிஜத்தைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவன் கணக்கு. (இந்த எபிசோடை எழுதி இயக்கியவர் பால் லீபர்ஸ்டைன், அதே தொடரில் எச்.ஆர். டோபியாக நடித்தவர். ஆபீஸ் வம்பைப் பற்றி எழுத எச்.ஆரை விடப் பொருத்தமான ஆள் யார்.)

எனக்கு அப்போது சோறு இறங்கவில்லை. காரணம், இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் அதையேதான் செய்திருந்தேன்.

அப்ரைசல், அதாவது வேலைக்கு மதிப்பெண் போடும் சமயம். அக்கா வெளியே ஒரு கம்பெனியில் இரண்டு ரவுண்டு இன்டர்வியூ முடித்திருந்தார், டீமில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் என்னை உட்கார வைத்து, "அடுத்த ரிலீஸுக்கு இவங்களை நம்பி பிளான் போடலாமா?" என்றார். 'தாராளமா' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு என்று ஒரு நாள் தோன்றும், யோசிக்காமல் பொய் சொல்வதுதான் நேர்மையா என்று மறுநாள் தோன்றும். கடைசியில், "எதுக்கும் ஒரு பேக்கப் வச்சுக்கறது நல்லது" என்றேன்.

அவர் பேனாவை கீழே வைத்தார். "ஏன், பேப்பர் போடறாங்களா?"

இல்லை என்று சொன்னேன். சொன்ன விதம் எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அவங்கன்னு இல்ல, பொதுவா சொல்றேன், இப்ப மார்க்கெட் நல்லா இருக்கு, எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றேன். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டார். இரண்டு பேர் பெயரைச் சொன்னேன். அதில் ஒரு தம்பி, டீமுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, வேலையை விடும் எண்ணமே இல்லாதவன். அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னேன், சத்தியமாக. ஆனால் அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்னமும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. என் பெயரையும் சொல்லியிருந்தால் அது ஒரு நல்ல பொய்யாக இருந்திருக்கும், இல்லையா?

ரேட்டிங் வந்தபோது அக்காவுக்கு நடுவாந்திரமாக வந்தது. தம்பி ஆன்சைட் போவதாக, அதாவது கிளையன்ட் இருக்கும் இடத்துக்கே வேலைக்குப் போவதாக இருந்தது, அது வேறொருவனுக்குப் போனது. பெல் கர்வ் (நல்ல ரேட்டிங் சிலருக்குத்தான் என்ற கணக்கு), பட்ஜெட், கிளையன்ட் என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள், அதெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஒரு ஆளின் ஆன்சைட்டை முடிவு செய்கிற அளவுக்கு என் பேச்சுக்கு மதிப்பு இருந்ததில்லை, என் சம்பள ஹைக்கைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும்.

மைக்கேல் விஷயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாரும் ஒன்றாகக் கூடி, ஆளுக்கொரு வதந்தியாக ஒப்பிட்டுப் பார்த்து, நேராகப் போய் அவனைப் பிடிக்கிறார்கள். கடைசியில் ஸ்டான்லி அவன் காரை அடித்து நொறுக்குகிறான். என்னை யாரும் பிடிக்கவில்லை. என் ஸ்கூட்டர் பார்க்கிங்கில் கீறல்கூட விழாமல் நிற்கிறது.

அக்காவின் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? தெரிந்திருந்தால் மறுநாள் எனக்கென்று தனியாக வத்தக்குழம்பு கொண்டுவந்திருப்பாரா? கொண்டுவந்தார். அதையும் இரண்டு விதமாகப் பார்க்கலாம். கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் பேன்ட்ரி வரைக்கும் பின்னாலேயே போனேன். "என்னப்பா?" என்றார். "சர்க்கரை இருக்கா அக்கா" என்றேன். நான் சர்க்கரை போடாமல் குடிப்பவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் டப்பாவை எடுத்து நகர்த்தினார். சில மாதத்தில் நல்ல ஆஃபர் கிடைத்துப் போய்விட்டார், ஃபேர்வெல் மெயிலில் என் பெயரும் இருந்தது.

அவருக்கு நல்லதுதானே நடந்தது என்று கணக்கை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த எபிசோடில் மைக்கேல் கிளப்பிய வதந்திகளில் ஒன்று மட்டும் அவனுக்கே தெரியாமல் நிஜமாக இருக்கும். பாம் உண்மையிலேயே கர்ப்பம். ஸ்டான்லி பக்கம் எல்லார் கவனமும் திரும்பும்போது, அதைத் தடுக்க அவளும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் ஜிம்மும் தாங்களே அதைச் சொல்லிவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது அந்த இடத்தில் நான் சாப்பாட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டில் தனியாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

போன வெள்ளிக்கிழமை டீக்கடையில் அந்தத் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். ரொம்ப நேரம் போனையே தடவிக்கொண்டிருந்தான். "அண்ணா, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளிய பார்த்துக்கிட்டு இருக்கேன். மேனேஜருக்குத் தெரிய வேணாம்" என்றான்.

சரி என்றேன். டீக்குக் காசு கொடுக்க அவன் பர்ஸை எடுத்தான், நான் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டேன்.