பதினோரு தவக்காலமும் ஒரு மூலை பெஞ்சும்

5 மார்ச் 2025, புதன்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல். போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல்தான். ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாடு), சுத்தபோசனம் (கறி விலக்கு) எல்லாம் வழக்கம்போல். எனக்குக் கூடுதலாக ஒன்று: ஈஸ்டர் வரை குடியைச் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. இது பன்னிரண்டாவது வருஷம். இதுவரை ஒருமுறையும் தவறியதில்லை.

"ஈஸ்டருக்கு அப்புறம்?" என்றாள் இவள், என் வீட்டுக்காரி. பதில் சொல்லாமல் பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன்.

8 மார்ச், சனி

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை மாட்டும்போது கை ஆடியது. ஜெட் இரண்டு தடவை மண்ணில் விழுந்தது. பையன் பொறுக்கிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் டயர் பக்கம் போய்விட்டான். வருஷா வருஷம் முதல் நாலு நாள் இப்படித்தான். சரியாகிவிடும்.

17 மார்ச், திங்கள்

நேற்று ராத்திரி குடித்துவிட்டேன். துக்கமும் இல்லை, சண்டையும் இல்லை. ஒருத்தர் பழைய பாக்கியைக் கொடுத்தார், அந்தப் பணம் சட்டைப் பையில் இருந்தது. அவ்வளவுதான்.

காலையில் அழுதேன். யோசித்துப் பார்த்தால், ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறினேனே என்று அழவில்லை. பதினோரு வருஷ ரெக்கார்டு போச்சே என்றுதான்.

19 மார்ச், புதன்

நடுவில் இரண்டு ராத்திரியும் சும்மா போகவில்லை. இன்றைக்குப் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. ரெக்கார்டு விஷயத்தைச் சாமியிடம் சொன்னேன். "ஈஸ்டருக்குப் பாட்டில் எப்ப வாங்குவே?" என்று கேட்டார்.

"முந்தின சனிக்கிழமையே, சாமி. டூல் பாக்ஸில் வைத்திருப்பேன்."

சிரித்துவிட்டார். "அப்ப நாற்பது நாளும் நீ எதுக்குடா காத்திருந்தே?"

போகும்போது, குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் நடக்கும் இடத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

23 மார்ச், ஞாயிறு

பள்ளிக்கூட வகுப்பறை, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் இடித்தது. மூலையில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார்கள், ரேஷன் கார்டு நம்பரைச் சொல்வதுபோல் சாதாரணமாக.

1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு சர்ஜனும் தொடங்கியதாம் இது. இரண்டு பேருமே குடியால் சீரழிந்தவர்கள். பன்னிரண்டு படிகளில் முதல் படியே, மதுவிடம் எங்களுக்குச் சக்தியில்லை என்று ஒப்புக்கொள்வதுதான். 'நான்' இல்லை, 'நாங்கள்'. அடுத்த இரண்டு படிகள், நம்மைவிடப் பெரிய சக்தி ஒன்று நம்மை மீட்க முடியும் என்று நம்பி, அவரவர் அறிந்த கடவுளிடம் தன்னை ஒப்படைப்பது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். "மண்டலம் 41 நாள் தொடமாட்டேன் தம்பி, மாலையைக் கழற்றின அன்னைக்கே கடைக்குப் போயிருவேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் வெளியே வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "சட்டுனு நிறுத்தாதீங்க, முதல்ல டாக்டர்" என்றார்.

24 மார்ச், திங்கள்

ஆஸ்பத்திரி. வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வருமாம், இரண்டாம் மூன்றாம் நாள்தான் ஆபத்தாம். அட்மிட் போட்டு வைட்டமின் பி1 ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். வருஷா வருஷம் நான் தப்பித்ததை விரதத்தின் மகிமை என்றல்லவா நினைத்திருந்தேன்!

4 ஏப்ரல், வெள்ளி

சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போன வழியை நிலை நிலையாகத் தியானிப்பது. மூன்றாம் நிலையில் விழுகிறார், ஏழில் விழுகிறார், ஒன்பதில் மறுபடியும். சின்ன வயதிலிருந்து முழங்காலிட்டு எழுந்திருக்கிறேன், எண்ணிக்கைதான் தெரியும். இன்று ஐந்தாம் நிலையில் நின்றுவிட்டேன். சீரேனே ஊர் சீமோன் வந்து சிலுவைக்குத் தோள் கொடுக்கிறான். இயேசு வேண்டாமென்று சொல்லவில்லை. நான் இத்தனை வருஷமும் அவரையே கிட்ட வரவிடாமல், 'பாருங்க ஆண்டவரே, நானே தூக்குறேன்' என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

19 ஏப்ரல், சனி

சாயங்காலம் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பியது. ஜெபிக்க வாய் வரவில்லை. டிரைவர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். புத்திமதி எதுவும் சொல்லவில்லை மனுஷன். சீலா மீன் விற்கிற விலையை இருபது நிமிஷம் திட்டினார். அதற்குள் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டேன். ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு இவளோடு போனேன். மெழுகுவர்த்தி பிடித்த கை லேசாக ஆடியது, மெழுகு விரலில் சொட்டியது.

21 ஏப்ரல், திங்கள்

நேற்று மச்சான் பாட்டிலோடு வந்தார். "நமக்குத்தான் தவக்காலம் முடிஞ்சிட்டே மாப்ளே!" எனக்கு முடியல மச்சான் என்று சொல்லி, கறிக்குழம்பை அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். உள்ளே நாக்கு ஊறத்தான் செய்தது, மறைப்பானேன்.

இவள் டூல் பாக்ஸைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஸ்பானர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஷட்டரைத் தூக்கும்போது சொல்கிற ஜெபம் இப்போது ரொம்பச் சின்னது: ஆண்டவரே, என்னால ஆகாது, இன்னைக்கு மட்டும் பார்த்துக்கிடும். பிளக் மாற்ற ஒரு ஸ்கூட்டி நிற்கிறது.