பிஎச்.டி. நேர்காணல்: ஃபூரா-2 என்று சொல்லி நான் தவறிய கதை

நேற்று மாலை தேர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இருக்கிறது. இந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) கையில் இருந்தும் நேர்காணலில் தவறுகிறவர்கள் நிறைய. போன வருடம் நானும் அவர்களில் ஒருத்தி.

அன்று, உயிருள்ள செல்லுக்குள் அயனிகளை அளப்பதில் ஆர்வம் என்று சொன்னேன். "செல்லின் கால்சியக் கிடங்கான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் (ஈ.ஆர்.) இருக்கும் கால்சியத்தை எதை வைத்து அளப்பீர்கள்?" என்று கேட்டார் ஒருவர். யோசிக்காமல் ஃபூரா-2 என்றேன்; கால்சியத்தைப் பிடித்தால் ஒளிர்வு மாறும் சாயம் அது. ரோஜர் சியென் குழு 1985-இல் வெளியிட்டது, 340, 380 நானோமீட்டரில் தூண்டி 510-இல் படிப்பது என்று கடகடவென ஒப்பித்தேன். "கே.டி. எவ்வளவு?" அதாவது, சாயத்தில் பாதி நிரம்பத் தேவையான கால்சியத்தின் அளவு. 224 நானோமோலார் என்றேன். "ஈ.ஆர். உள்ளே கால்சியம்?" சில நூறு மைக்ரோமோலார் (ஒரு மைக்ரோமோலார் ஆயிரம் நானோமோலார்). "சரி, கால்சியம் ஏற ஏறச் சாயம் எப்படி நிரம்பும் என்று போர்டில் வளைகோடு வரைந்து காட்டுங்கள்." சாக்பீஸைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மைக்ரோமோலாரில் ஃபூரா-2 99.96 சதவீதம் நிரம்பியிருக்கும். கால்சியம் பாதியாகக் குறைந்தாலும் 99.91. செல் தன் சேமிப்பில் பாதியைக் கொட்டிவிட்டது, சாயத்துக்கு அது தெரியவே இல்லை. சுமார் 100 நானோமோலார் இருக்கும் சைட்டோபிளாசத்துக்குத்தான் அது பொருந்தும்.

உணரியின் (இப்படி அளக்க உதவும் சாயம் அல்லது புரதத்தின்) பெயரைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்திலேயே அதன் கே.டி.யையும், அது போய் உட்காரும் இடத்தின் அளவையும் எழுதுங்கள். கே.டி.யின் பத்தில் ஒரு பங்கு முதல் பத்து மடங்கு வரைதான் உணரி உருப்படியாக வேலை செய்யும். ஆறு மாதம் நான் இதைத்தான் செய்தேன். கட்டுரைகளை அடுக்கிவைத்துப் படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்கு ஒரே வளைகோட்டை வெவ்வேறு எண்களுக்குத் திரும்பத் திரும்ப வரைவதுதான் ஒத்துவந்தது.

மற்றவை:

- பிரகாசம் கூடினால் கால்சியம் கூடியது என்று சொல்லிவிடாதீர்கள். செல் தடித்திருக்கலாம், சாயம் அதிகம் ஏறியிருக்கலாம், ஃபோகஸ் நகர்ந்திருக்கலாம். இரண்டு அலைநீளங்களில் அளந்து விகிதம் எடுப்பது இதற்காகத்தான்.
- ஃப்ரெட் (ஒரு ஒளிர்பொருளிலிருந்து பக்கத்தில் இருப்பதற்கு ஆற்றல் தாவுவது): தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறையும். 1997-இல் வந்த கேமிலியான் என்ற கால்சியம் உணரிப் புரதத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலின் எங்கே, அது பற்றிக்கொள்ளும் எம்13 துண்டு எங்கே என்று வரையத் தெரிய வேண்டும்.
- அளவுத்திருத்தம்: சவ்வு வழியே கால்சியத்தை உள்ளே விடும் அயனோமைசினோடு நிறையக் கால்சியம் கொடுத்து உச்சம், கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈ.ஜி.டி.ஏ. கொடுத்து அடிமட்டம்.
- பி.எச்.! ஈ.ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிர்புரதத்தின் பி.கே.ஏ. (ஒளிர்வு பாதியாகும் பி.எச்.) சுமார் 6. செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் பி.எச். 4.5 முதல் 5. அங்கே அது மங்கித்தான் போகும்.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த முறை என்னைக் காப்பாற்றியது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஜிகேம்ப் (பச்சை ஒளிர்புரதத்தில் செய்த கால்சியம் உணரி) வைத்திருக்கிறோம், சவ்வு வழியே புரோட்டானைக் கசியவிடும் எஃப்.சி.சி.பி. சேர்த்ததும் ஒளிர்வு இறங்குகிறது, கால்சியம் வெளியேறிவிட்டதா என்று கேட்டார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அங்கே பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும், எஃப்.சி.சி.பி. அதைக் கீழே இறக்கும், ஜிகேம்ப் பி.எச்.சுக்கும் மங்கும் என்றேன். கால்சியத்தைப் பிடிக்காதபடி மாற்றிய அதே புரதத்தை இன்னொரு தட்டில் வைத்து ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும் என்றேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, எந்த ஆய்வகத்தில் சேர விருப்பம் என்று கேட்டார்.