நீர்வேலி வளவில் ஆறுமணிக்குருவி

காட்டுப் பறவையைப் பார்க்க யாழ்ப்பாணம் போகிறேன் என்றதும் நண்பர்கள் நம்பவில்லை. பனையும் வாழையும் சுண்ணாம்புக்கல்லுமாக இருக்கும் ஊரில் காடு ஏது? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மார்ச் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் காங்கேசன்துறையில் இறங்கினேன்.

யாழ்ப்பாண நகருக்கு அருகே நீர்வேலியில் தங்கிய வீட்டுக்குப் பின்னால் நீண்ட வளவு. மாமரம், பலா, கிணறு, அதைத் தாண்டி வாழைத்தோட்டம். பொழுது சாயும் நேரம் அங்கிருந்து கூர்மையான ஒரு சீழ்க்கை, இரண்டே சுரத்தில். வீட்டுக்கார அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆறுமணிக்குருவி தம்பி. ஐப்பசி மழையோட வரும், சித்திரை வெயிலுக்கு முன்னம் போயிடும். இனி விடியத்தான் கத்தும்."

விடிந்ததும் பலாமரத்தடியில் பார்த்துவிட்டேன். பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியது போல அகலமான கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, இறக்கையில் பளீரென்று ஒரு நீலத் திட்டு. வால் இருக்கிறதா என்றே தேட வேண்டும். இத்தனை நிறம் இருந்தும், சருகுக்குள் அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தட்டுப்படாது. தத்தித் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டி, புழுவையும் பூச்சியையும் பொறுக்குகிறது. 1766இல் இதை விவரித்த சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் காக்கைப் பேரினத்தில் சேர்த்திருந்தார்! காக்கையின் நெருங்கிய சொந்தமே இல்லை. பிட்டா என்ற தனிக் குடும்பம்.

இதன் வாழ்க்கையே மழையின் பின்னால் போவதுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் பக்கவாட்டில் வாசல் வைத்த உருண்டைக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்புகிறது. யாழ்ப்பாணத்தில் அப்போதுதான் வடகீழ்ப் பருவமழை தொடங்கி மண் இளகியிருக்கும். பயணம் இரவில்தான். களைத்துப்போய் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால் பூனைக்கு எட்டாமல், காற்றுப்போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, தெளிந்ததும் விட்டுவிடுங்கள்.

சரி, மார்ச்சில் ஊரே காய்ந்து கிடக்கும்போது இங்கே எப்படித் தங்குகிறது? வாழைக்கு இறைக்கும் கிணற்றுத் தண்ணீர் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் அந்த அம்மாவேதான். முன் முற்றத்தைத் தினமும் கூட்டுகிறவர், பின் வளவில் விளக்குமாறே வைப்பதில்லை. "கூட்டி எரிச்சா அது எதைத் தின்னும்? அதுக்கும் சாப்பாடு வேணுமெல்லோ" என்றார். காடில்லாத ஊரில் இதற்குக் காடு அந்தச் சருகுதான். எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

போக நினைப்பவர்கள் மழை கொஞ்சம் அடங்கிய ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். விடியற்காலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து தரையையே பாருங்கள். கைபேசியில் அதன் குரலைப் போட்டு அழைக்க வேண்டாம், பாவம், இரை தேடும் நேரம் அது.