பிடித்த கார்பன் வேறு, சேர்த்த கார்பன் வேறு

காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடையில் கடல்நீர் எடுத்து நுண்பாசி வளர்க்கும் வேலையில் இருப்பவர்களிடம் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: “இந்தப் பாசி எவ்வளவு கார்பனை உறிஞ்சும்?” அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடியே வாழ்கிற வட சென்னைக்காரர்கள் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. உறிஞ்சிய கார்பனைச் செல் எங்கே வைத்தது, எந்த வடிவத்தில் வைத்தது, எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்பது தெரியாமல் சொல்கிற எண்ணுக்கு மதிப்பே இல்லை.

கடலில் கார்பனுக்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 2000 மைக்ரோமோல் கரைந்திருக்கிறது. ஆனால் அதில் 90 விழுக்காட்டுக்கு அருகில் பைகார்பனேட். நம் கடலின் வெதுவெதுப்பில் கார்பன் டை ஆக்சைடாக இருப்பது 10 மைக்ரோமோலை ஒட்டித்தான். கார்பனைப் பிணைக்கும் ரூபிஸ்கோ நொதிக்கு இந்த அளவு போதாது. சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளான டயட்டம்களில் அது பாதி வேகம் எட்டவே இதைப்போல் சில மடங்கு வேண்டும். அதனால் செல் பைகார்பனேட்டை ஆற்றல் செலவழித்து உள்ளே இழுத்து, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற இன்னொரு நொதியால் அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, ரூபிஸ்கோ நெருக்கியடித்துக் கிடக்கும் பைரினாய்டில் கொண்டுபோய் விடுகிறது. இந்த நொதிக்குப் பொதுவாகத் துத்தநாகம் தேவை. பாசி வளர்க்கும் எஃப் பை 2 (f/2) என்ற சத்துக் கலவையில் நுண்தாதுக் கரைசலை லிட்டருக்கு ஒரு மில்லிதானே என்று விட்டுவிட்டால் ஒன்றிரண்டு கல்ச்சர் தாண்டியதும் வளர்ச்சி தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம், இரும்புக் குறைவோடு சேர்த்து.

பிணைத்த கார்பனை டயட்டம் பகலில் கிரைசோலாமினரின் என்ற சர்க்கரைத் தொடராக்கி, செல்லுக்குள் இருக்கும் வெற்றிடக்குமிழில் (வாக்குவோல்) கரைந்த நிலையிலேயே வைக்கிறது. இரவில் அதை எரித்து ஆற்றல் எடுக்கும். ஒரு பகுதியைப் புரதம் கட்டவும் எடுத்துக்கொள்ளும். இது கைச்செலவுக்கு வைத்த பணம். கொழுப்புத் துளிகளோ, கட்டிவரும் சீட்டு. ஒரே பிளாஸ்க்கிலிருந்து விடியற்காலை எடுத்த செல்லிலும் மாலை எடுத்த செல்லிலும் கார்பன் அளவு வேறாக இருப்பது இதனால்தான். இன்று காலை பத்து மணி, நாளை மாலை நான்கு மணி என்று எடுத்து வரைந்த வரைபடத்தை நாங்கள் நம்புவதில்லை. லேபிளில் தேதியோடு, விளக்கு எரியத் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் எழுத வேண்டும்.

இனி தண்ணீர். துறைமுகத்துக்குள் எடுத்தால் டீசல் படலம் வரும்; முகத்துவாரத்தில் எடுத்தால் கழிவும் சாம்பலும் வரும். ஃபைபர் போட்டில் கரையை நன்றாக விட்டு வெளியே போய், கேனை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கரையோர நீரின் உப்பளவு கிலோவுக்கு 30 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும். கோடையில் 34, 35 நிற்கும். குறைந்த உப்பைக் கல்லுப்பு போட்டுச் சரிசெய்ய நினைப்பது வீண். உப்பளத்தில் கால்சியம் முன்னமே படிந்துவிடுகிறது, மக்னீசியம் உப்பு எடுத்தபின் மிஞ்சும் நீரோடு போய்விடுகிறது; கல்லுப்பில் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கோடை நீரை வடிகட்டி இருட்டில் சேமித்துக் கலப்பதே சரியான வழி.

கடல்நீரைக் கிருமி நீக்க 121 டிகிரி அழுத்த நீராவியில் ஆட்டோகிளேவ் செய்யும்போது கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். ஏறி, அடியில் வெள்ளையாகப் படியும். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் முன்பே சேர்த்திருந்தால் அவையும் படிவில் போகும். ஆகவே இரண்டு லிட்டர் பிளாஸ்க்கில் ஒரு லிட்டருக்கு மேல் வைக்காமல், ஆறவைத்து, ஒரு நாள் காற்றோடு சமநிலைக்கு வரவிட்டு, அதன் பிறகே சத்துக்களைச் சேர்க்கிறோம். லிட்டருக்குச் சோடியம் நைட்ரேட் 75 மி.கி., சோடியம் பாஸ்பேட் 5 மி.கி., சோடியம் சிலிக்கேட் 30 மி.கி.; வைட்டமின் கரைசலை வடிகட்டிக் கடைசியில் சேர்க்கிறோம்.

கல்ச்சர் அடர்ந்த பிறகு வரும் தேக்கத்தைப் பலர் சத்துக் குறைவு என்று எடுத்துக்கொண்டு நைட்ரேட்டைக் கூட்டுகிறார்கள். முதலில் பி.எச். பாருங்கள். நண்பகலில் 9-ஐத் தாண்டியிருந்தால், செல் எடுக்கும் வேகத்துக்குக் காற்றிலிருந்து கார்பன் கரைந்து வரவில்லை என்று அர்த்தம். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், அதுவும் போதவில்லையென்றால் காற்றில் ஓரிரு விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்து, பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும்படி விடுங்கள். இரவில் நிறுத்திவிட வேண்டும். ஒளி இல்லாதபோது விட்டால் நீர் அமிலமாகிறதே தவிர, செல்லுக்கு ஒரு பயனும் இல்லை.

நைட்ரஜன் தீர்ந்தால் செல் பிரிவது நிற்கும், ஒளிச்சேர்க்கை உடனே நிற்காது. மிஞ்சும் கார்பன் கொழுப்பாகத் திரளும். நைல் ரெட் சாயமிட்டு ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சையத்தின் சிவப்புக்கு நடுவே பொன் மஞ்சளில் இரண்டு மூன்று உருண்டைகள் பளிச்சென்று தெரியும். டயட்டத்தில் சிலிக்கான் தீர்ந்தாலும் இதே காட்சிதான். கண்ணுக்கு இனிமையான காட்சிதான், ஆனால் கொழுப்பு விழுக்காடு ஏறும் அதே நாட்களில் புதுச் செல்கள் வருவதில்லை. லிட்டருக்கு, நாளுக்கு எவ்வளவு கொழுப்பு என்று கணக்கிட்டால் பல நேரம் முன்பைவிடக் குறைவாகவே இருக்கும். விழுக்காட்டை மட்டும் காட்டும் அறிக்கையைப் பார்த்தால் எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

அளவீட்டில்தான் அதிகம் கெடுகிறது. கார்பனை அளக்கச் செல்களை வடிகட்டிப் பிடிக்கும் கண்ணாடி இழை வடிதாளை 450 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டு அதிலுள்ள கார்பனை முதலில் எரித்துவிட வேண்டும். பிறகு விரல் படக்கூடாது, இடுக்கிதான். வெற்றிட அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் மெல்லிய செல்கள் வெடித்து, சேமித்த சர்க்கரை வடிநீரோடு ஓடிவிடும். உப்பைக் கழுவ என்று காய்ச்சி வடித்த நீரை ஊற்றினாலும் அதே கதி. உலர் எடைக்கு வேண்டுமானால் அரை மோலார் அம்மோனியம் பார்மேட் ஊற்றலாம், உலர்த்தும்போது அது ஆவியாகிவிடும். கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் ஓரிரவு வைத்துக் கார்பனேட்டைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் சிப்பித்தூள்கூடப் பாசியின் கணக்கில் சேர்ந்துவிடும். பாசி வடிக்காத வெறும் வடிதாள்கள் இரண்டையும் இதே வழியில் கொண்டுபோய், அவை காட்டும் அளவைக் கழிக்க மறக்கக் கூடாது.

கடல் மாதிரியென்றால் இன்னொரு சிக்கல், சாலை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் வண்டி நின்றுவிட்டால், இருட்டுப் பெட்டிக்குள் செல்கள் சேமிப்பைத் தின்னத் தொடங்கிவிடும்; நீரோடு கூடவே வந்த விலங்கு மிதவைகள் (மிதக்கும் சிறு விலங்குகள்) செல்களையே தின்னும். 200 மைக்ரான் வலையில் சலித்து, கரையேறிய இடத்திலேயே வடிகட்டி, வடிதாளை ஐஸில் வைத்து எடுத்து வருவதே நல்லது.

புகைபோக்கிக் கேள்விக்கு வருவோம். உலர் பாசியில் பாதி கார்பன் என்று வைத்தால், ஒரு கிலோ பாசிக்கு 1.83 கிலோ கார்பன் டை ஆக்சைடு. திறந்த குளத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்பது நல்ல விளைச்சல்; அப்படியானால் ஒரு ஹெக்டேர் ஒரு நாளில் பிடிப்பது சுமார் 366 கிலோ. 500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று முழு வீச்சில் ஓடினால் நாளுக்குப் பதினோராயிரம் டன்னுக்கு மேல் வெளியிடும். அதைப் பிடிக்க முப்பதாயிரம் ஹெக்டேர், அதாவது 300 சதுர கிலோமீட்டர் குளம் வேண்டும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு.

அந்தப் பாசியையும் இறால் குஞ்சுப் பொரிப்பகத்துக்குத் தீவனமாகக் கொடுத்தால், அதிலுள்ள கார்பனில் பெரும்பங்கு சில நாட்களில் மூச்சாக வெளியேறிவிடும். பாசி வளர்ப்பு வீண் என்று இதற்குப் பொருளல்ல. கீட்டோசெராஸ் போன்ற டயட்டம் இல்லாமல் இறால் குஞ்சு பிழைப்பது கடினம். அந்த வேலைக்கு அது வேண்டும். கார்பனைச் சேர்ப்பதாகச் சொல்லும் திட்டம் வந்தால் மட்டும், அறுவடையான பாசி அடுத்து எங்கே போகிறது, அங்கே எத்தனை ஆண்டு இருக்கும் என்று திட்ட அறிக்கையில் தேடுகிறோம். அந்தப் பக்கம் இல்லையென்றால் மேற்கொண்டு படிப்பதில்லை.