திரும்பி வந்த 63 புஷ்

திருநெல்வேலி பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கோம், 11 பேரு வேலை, பம்புக்கு கன்மெட்டல் புஷ், அதாவது தண்டு உள்ள சுத்துற வெண்கல வளையம், போட்டுக் குடுக்கோம். ஐஎஸ்ஓ 9001ங்கிற தரச் சான்றிதழ் இருந்தாத்தான் அடுத்த ஆர்டர்னு கஸ்டமர் சொல்லிட்டாவ. பேப்பர் வேலைய பத்தி பெருசா ஒண்ணுமில்ல, ரெண்டு கட்ட ஆடிட், சர்டிபிகேட் 3 வருஷத்துக்கு, நடுவுல வருஷா வருஷம் வந்து பாப்பாவ. இடையில நடந்ததுதான் விஷயம்.

அக்கினி நட்சத்திரம், தகரக்கூரை, கேக்கவே வேண்டாம். அப்ப அனுப்புன 200 புஷ்ல 63 திரும்பி வந்துட்டு. போர், அதாவது உள்துளை, 25 எம்எம், எச்7ங்கிற அளவு வரம்பு, அதாவது 21 மைக்ரான் (மைக்ரான்னா எம்எம்ல ஆயிரத்துல ஒண்ணு) வரை கூடலாம், 25க்கு கீழ போகவே கூடாது. கஸ்டமர்கிட்ட கோ கேஜ், அதாவது துளை சிறுத்துடலன்னா உள்ள போகவேண்டிய அளவுக் கட்டை, ஏறலயாம். எங்க ரிஜிஸ்டர்லயோ எல்லாத்துக்கும் ஓகே டிக். யாரோ பாக்காமலே டிக் போட்டிருக்காவன்னுதான் நான் நெனச்சேன், அது தப்பு.

ஒரு தப்புக்கு அஞ்சு தடவை ஏன்னு கேளுங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாவ, டொயோட்டாவுல வந்த பழக்கம். அத மிஷின் ஓட்டுற அண்ணாச்சிகிட்ட மிஷின் பக்கத்துலயே நின்னு கேட்டேன். கேஜ் போட்டியளா அண்ணாச்சி? போட்டேன் தம்பி, ஏறுச்சு. எப்ப போட்டிய? மிஷின்ல இருந்து கழட்டுன உடனே.

பீசத் தொட்டுப் பாத்தா கை சுடுது. கன்மெட்டல் 30 டிகிரி சூடேறுனா 25 எம்எம் போர் சுமார் 13 மைக்ரான் விரிஞ்சிரும், வெட்டுற டிப் வேற தேயத் தேய போர் சிறுத்துகிட்டே வரும், சூட்டுல ஏறுன கேஜ் ஆறுனபொறவு எப்படி ஏறும்?

சரி, ஏன் ஆறவிட்டுப் பாக்கலன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "எனக்கு ரெண்டு வருஷமா தெரியும் தம்பி. ஆறுனபொறவு பாத்தா ரிஜெக்ட் வரும், நீங்க சம்பளத்துல பிடிப்பிய. பிள்ளைக்கு பீஸ் கட்டணும்லா"ன்னாரு.

அந்த ரூல் எங்கப்பா காலத்துல இருந்தே உண்டு, நானும் யோசிக்காம பிடிச்சுகிட்டே வந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. தரத்தைப் பத்திச் சொல்லிக்குடுத்த அமெரிக்கர் டெமிங்கோட 14 பாயிண்ட்ல எட்டாவதே பயத்தை வெளிய தள்ளுங்கதுதான், கிளாஸ்ல எழுதிட்டு வந்த நோட்டுலயே இருக்கு. நம்ம திருக்குறுங்குடில பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்குன டிவிஎஸ் குழுமத்துல சுந்தரம் கிளேட்டன் கம்பெனி 1998லயே அவரு பேர்ல தரத்துக்குக் குடுக்குற டெமிங் பரிசு வாங்கிட்டு, நான் இங்க 63 புஷ் திரும்பி வந்தபொறவுதான் அந்த வரிய ஒழுங்கா படிக்கேன்.

சனிக்கிழமை சம்பளம் குடுக்கும்போது எல்லாரையும் கூப்பிட்டு இனிமே பிடித்தம் கிடையாது, தப்பான பீச செவப்பு டப்பாவுல போடுங்க, போதும்னேன். முதல் மாசம் ரிஜெக்ட் 9ல இருந்து 41 ஆச்சு. பதறிட்டேன், ஆனா புதுசா எதுவும் கெடல, இவ்வளவு நாளும் ஒளிஞ்சு போனதுதான் வெளிய வந்திருக்கு. நாலாவது மாசம் 6.

கடைசி ஆடிட்ல, பீசெல்லாம் ஏன் அளவு பாக்குற கல்லு மேல அரைமணி நேரம் கிடக்குன்னு ஆடிட்டர் கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அண்ணாச்சி சூடா ஒண்ணு, ஆறுனது ஒண்ணுன்னு எடுத்து ரெண்டுலயும் கேஜ் போட்டுக் காட்டிட்டாரு.