எண்ணெய் சூடாகும் முன்

பதினோரு வருடமாக எண்ணெயில்தான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில் ஒரு ஆயுர்வேத மருத்துவமனையில் பெண்களுக்கான சிகிச்சை அறை என் பொறுப்பு. அதற்கு முன்னால் பாலக்காட்டில் ஒரு வருடம் படித்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "ஆயுர்வேத ஆஸ்பத்திரியில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மசாஜ் என்ற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற பேர் அப்படி.

முதல் தடவை வருகிறவர்களுக்கும் அந்தத் தயக்கம் இருக்கும். படியேறி வந்து, வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி, "லேடீஸ்தானே பண்ணுவாங்க?" என்று கேட்பார்கள். ஆமாம், பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். அடுத்த கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுவேன்: துணி முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை, இடுப்புக்குக் கட்டிக்கொள்ள ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் துணி கொடுப்போம், எண்ணெய் தேய்க்கிற இடம் போக மற்ற இடமெல்லாம் மூடியே இருக்கும். நீங்கள் உடை மாற்றும்போது நாங்கள் வெளியே நிற்போம், கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவோம். இதைச் சொன்னதும் தோள் ஒரு அங்குலம் கீழே இறங்கும். நின்று பார்த்தால் தெரியும்.

அறைக்கு நடுவில் தோணி என்று நாங்கள் சொல்லும் மரப் பலகை. ஆள் படுத்து இன்னும் இடம் மிச்சமிருக்கிற நீளம். வழிகிற எண்ணெய் தரையில் சிந்தாமல் ஓட ஓரத்தைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், கால் பக்கம் ஒரு ஓட்டை. மெத்தை கிடையாது. ஸ்பா படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்தப் பலகையைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். மெழுகுவத்தி, ரோஜா இதழ் எதுவும் இல்லை. மூலிகையும் காய்ச்சிய எண்ணெயும் கலந்த வாசம் மட்டும்தான், அது என் சேலையில் துவைத்தாலும் போவதில்லை.

எந்த எண்ணெய் என்பதை டாக்டர் எழுதித் தருவார். வாத வலிக்கு தன்வந்தரம், வீக்கத்தோடு வலி இருந்தால் கொட்டஞ்சுக்காதி, எரிச்சலுக்குப் பிண்ட தைலம். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்க மாட்டோம். கொதிக்கிற தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றி, என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறவர் மேல் விடுவேன். உட்கார வைத்து உச்சந்தலையில் ஆரம்பித்து, தோள், கை என்று இறங்கி, பிறகு மல்லாக்க, ஒருக்களித்து, குப்புற, மறுபக்கம் ஒருக்களித்து, மறுபடி மல்லாக்க, கடைசியில் திரும்ப உட்கார வைத்து என்று ஏழு நிலை. முறைப்படி இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். இரண்டு ஜோடிக் கையும் ஒரே வேகத்தில் ஒரே இடத்தைத் தொட வேண்டும். ஒருத்தி முந்தினால் படுத்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். என்னோடு சேர்ந்து செய்கிற அக்காவும் நானும் இப்போது பேசிக்கொள்வதே இல்லை, அவர் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே நான் கையை நகர்த்திவிடுவேன்.

முக்கால் மணி நேரம் ஆனதும் ஆவிப் பெட்டி, அதில் தலை மட்டும் வெளியே இருக்கும். அப்புறம் பயத்தம் மாவு தேய்த்து வெந்நீர்க் குளியல், உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்நாதி பொடி. அவ்வளவுதான்.

இடையில் சிலர் குறட்டை விடுவார்கள். வயிறு சத்தம் போடும், காற்றுப் பிரியும். உடனே "ஐயோ, சாரிக்கா" என்று எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். உடம்பு தளர்ந்தால் அது நடக்கத்தான் செய்யும், நாங்கள் காதில் வாங்குவதில்லை. சிலருக்குக் காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வரும். அப்போது கையை எடுக்கக் கூடாது, என்னவென்று கேட்கவும் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்வேன். உடம்பில் இருக்கிற நச்செல்லாம் வெளியேறிவிடும் என்று விளம்பரங்களில் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் ஆவிப் பெட்டியில் வேர்வை வெளியேறித்தான் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தூக்கம் வரும், இறுக்கம் விடும், மறுநாள் கொஞ்சம் உடம்பு வலிக்கலாம். ஒரே நாளில் பத்து வருட இடுப்பு வலி போய்விடும் என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். டாக்டர் ஏழு நாள், பதினாலு நாள் என்று எழுதுவது அதனால்தான்.

ஆனால் மக்களிடம் இருக்கிற ஒரு நம்பிக்கைதான் எனக்குப் பெரிய தலைவலி. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று நினைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் நல்லா அழுத்துங்கக்கா" என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். அப்போது வேறு ஒரு இடத்தில் இருந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். வலது தோள்பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் கல் மாதிரி ஒரு முடிச்சு, நாள் முழுக்கக் குனிந்து தைப்பவர்களுக்கு வருகிற அதே முடிச்சு. விரலை வைத்ததும், "அங்கதான், அங்கதான்" என்றாள். அழுத்தினேன். "இன்னும்" என்றாள். சின்ன வயது, கையில் தெம்பு, நமக்கு வேலை தெரியும் என்ற மிதப்பு. கட்டைவிரலை ஊன்றி, உடம்பு எடையை முழுக்க அதில் இறக்கினேன்.

மறுநாள் காலையில் வந்து ரவிக்கையை இறக்கிக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். அதைச் சுற்றி நாலைந்து இடத்தில் என் விரல் பதிந்த தடம் அப்படியே. நான் பதறிப்போய், "எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டியா கண்ணு?" என்றேன். இல்லை. சின்ன வயதில் இதய வால்வு ஆபரேஷன் ஆனது, ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையை அப்போதிருந்து தினமும் போடுகிறாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "நோய் இருக்கான்னு கேட்டிருந்தாங்க. எனக்குத்தான் சரியாயிடுச்சேக்கா."

படிவத்தில் அப்படித்தான் இருந்தது. 'பிபி, சுகர், வேறு நோய் ஏதேனும் உண்டா?' அவள் உண்மையைத்தான் எழுதியிருந்தாள், இல்லை என்று. நான் அந்தத் தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, எண்ணெய் ஆறிவிடும் என்ற அவசரம். அவளை ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே ரத்தம் பார்க்க அனுப்பினோம். நல்லவேளை, தோலுக்கு அடியில் கட்டியதோடு போயிற்று. அவள் என் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். நோய் இருக்கிறதா என்று கேட்பதில்லை. "தினமும் என்னென்ன மாத்திரை போடுறீங்க?" என்றுதான் கேட்பேன். நோய் இல்லை என்கிற அதே வாய் மாத்திரைகளை வரிசையாகச் சொல்லும். தைராய்டுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, "அது சும்மா ஹார்ட்டுக்கு" ஒன்று. அப்புறம், கடைசியாகத் தீட்டு எப்போது, சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா, காய்ச்சல் உண்டா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று. வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவரைப் படுக்கவைக்க மாட்டேன், இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் ஒரு தடவை என்னைக் காப்பாற்றியது. அமெரிக்காவில் மகளைப் பார்த்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்த ஒரு அம்மா, கெண்டைக்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்க வந்திருந்தார். பயணத்தைப் பற்றிச் சொன்னதும் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கால் தடித்து, தொட்டால் சுட்டது. ஒரு சொட்டு எண்ணெய்கூட வைக்காமல் டாக்டரைக் கூப்பிட்டேன். "காசு கட்டியாச்சு, தேய்க்கறதுக்கு என்ன?" என்று அவருக்குக் கோபம். ஸ்கேனில் ரத்தக்கட்டி இருந்தது. அந்தக் காலைப் பிடித்து விட்டிருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது நம் ஊர்ப் பழமொழி. வாணியன் என்றால் செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறவர். எண்ணெய் எந்த உடம்புக்கும் நல்லதுதான் என்ற தைரியம் அதிலிருந்து வந்திருக்க வேண்டும். நானும் அதை நம்பி வளர்ந்தவள்தான். இப்போது வாணியனிடம் போகும் முன் வைத்தியனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே அச்சடித்த படிவத்தில் இன்னும் அந்தப் பழைய கேள்விதான். அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாற்றலாம் என்று மேனேஜர் மூன்று தடவை சொல்லிவிட்டார். நான் ஒவ்வொரு தாளிலும் பேனாவால் என் கேள்வியை எழுதிவிடுகிறேன்.

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். "என்ன மாத்திரை போடறீங்க பாட்டி?" என்றதும், "பேரெல்லாம் எனக்கென்ன தெரியும் கண்ணு" என்று இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, பஸ் டிக்கெட், அதற்கடியில் கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றையும் மேசையில் பரப்பி, இது காலையில், இது ராத்திரி, இது மருமகள் கொடுத்தது என்று சொல்லத் தொடங்கினார். சில துண்டுகளில் பேர் பாதிதான் இருந்தது. கதவுக்கு வெளியே அடுத்தவர் காத்திருந்தார். வரவேற்பிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆறிவிட்டது. நான் தலையாட்டினேன், அவர் அதை எடுத்துப்போய் மறுபடியும் வெந்நீரில் வைத்தார்.